விருந்துப் பாடகருக்கு அருவிக் குளியல்

எங்கள் சபைப் பாடகர் குழு வருஷம் பூராவும் பாடும். கிறிஸ்துமஸ் கச்சேரி அன்றைக்கு மட்டும் பாடாது. வரிசையாக நின்று பின்னால் 'ஆ' என்று இழுக்கும். முன்னால் நின்று பாட வெளியூரிலிருந்து ஆள் வரும். ஒரு வருஷம் திருவனந்தபுரத்து ஆள், ஒரு வருஷம் டிவியில் கோப்பை வாங்கின பிள்ளை. வந்தவர்கள் செல்போனைப் பார்த்து எங்கள் கீர்த்தனையைப் பாடிவிட்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தென்காசிக்காரனுக்குத் தொண்டை இருப்பது சோறு இறங்கத்தான் என்பது குழுச் செயலாளர் கிருபாகரன் சாரின் எண்ணம். பாங்கு மேனேஜராக இருந்தவர். இன்னும் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

என் பெண்டாட்டி வேதபுஷ்பம் அந்த வரிசையில் நிற்கிறவள். பீடி சுற்றுகிறாள். நான் செங்கோட்டை மரக்கடையில் தடி ஏற்றி இறக்குகிறேன். வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தால் கட்டைதான். ஆனாலும் அவள் பாடினால் தூங்காமல் கிடப்பேன்.

இந்த வருஷம் சென்னையிலிருந்து ஹரிஷங்கர் என்று ஒருவர். சினிமாவில் பாடியவராம். பூர்வீகம் இங்கே பக்கத்து இலஞ்சியாம். அதைச் சொல்லிச் சொல்லியே கிருபாகரன் சார் பூரித்துப்போனார். பாடகரோ, கடைசிப் பாட்டில் இரண்டு சரணம்தான் பாடுவேன், மூன்றாவதைப் படிக்க நேரமில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார். கீபோர்டு வாசிக்கிற தில்லைநாயகம்தான், "மூணாவதை வேதபுஷ்பம் அக்கா பாடட்டும் சார்" என்றான். வேறு வழியில்லாமல் சார் தலையாட்டினார்.

அன்றிலிருந்து அவள் மடியில் பீடித்தட்டு, வாயில் மூன்றாவது சரணம். இத்தனை வருஷத்தில் அவள் தனியாக நாலு வரி பாடப்போவது இதுதான் முதல் தடவை.

எங்கள் குழுவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வந்த விருந்தாளியை அருவியில் நனைக்காமல் மேடை ஏற்ற மாட்டார்கள். கச்சேரி அன்று காலையில் ஐந்தருவிக்கு வேன் புறப்பட்டது. சோற்றுப் பாத்திரம் தூக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முந்தின நாள் மழையில் தண்ணீர் பனிக்கட்டியாக விழுந்துகொண்டிருந்தது.

"சார், எனக்குச் சளி பிடிச்சுக்கும். சாயங்காலம் பாடணும்" என்று பாடகர் பின்வாங்கினார்.

"நம்ம குத்தாலத் தண்ணி மூலிகைத் தண்ணி தம்பி. இருக்க சளியும் ஓடிப்போயிரும். ஒங்களுக்கு முந்தி வந்த அத்தன பேரும் குளிச்சிருக்காவ. நீங்க குளிக்காமப் போனா எங்களுக்கு என்ன மரியாத?" என்றார் கிருபாகரன் சார்.

தலையில் எண்ணெயை வைத்துத் தேய்த்து, இரண்டு பேர் கையைப் பிடித்து அருவிக்குள் தள்ளினார்கள். அந்த மனுஷன் போட்ட சத்தம்தான் அவருடைய தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசி நல்ல சத்தம். மத்தியானம் பார்டர் கடையில் புரோட்டாவும் கோழியும் தின்று எழுந்தபோது, அவர் பேச்சு தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது.

சாயங்காலம் சபைக் கோயில் பக்கத்து அறையில் மிளகுப்பால், ஆவி, வெந்நீர் என்று ஒரே ஓட்டம். தில்லைநாயகம் மெதுவாகச் சொன்னான்: "சார், அவர் ரெண்டு வார்த்த வாழ்த்திட்டு உக்காரட்டும். பாட்ட முழுசா அக்கா பாடிருவாவ."

"புத்தி இருக்கா ஒனக்கு? விருந்தாளி தொண்ட கட்டி நிக்கயில நம்ம வீட்டுப் பொம்பள கணீர்னு பாடுனா அவரு மூஞ்சிய எங்க வைப்பாரு? மூணாவது சரணமே வேண்டாம். ரெண்டோட முடி." பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீ அடுத்த வருஷம் பாடிக்கோம்மா" என்றார். மிச்சம் விழுந்த கேக்கை நீட்டுகிற மாதிரி இருந்தது.

வேதபுஷ்பம் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரிசைக்குப் போனாள்.

கடைசிப் பாட்டு வந்தது. ஹரிஷங்கர் முதல் சரணத்தைக் கரகரத்தார், இரண்டாவதை இருமினார். அதற்கும் சபை கை தட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். சென்னை இருமல் என்றால் அதிலும் ஒரு ராகம் இருக்கும் போல. தில்லைநாயகம் பாட்டை முடிக்கக் கையைத் தூக்கினான்.

அப்போது வரிசைக்குள்ளிருந்து மூன்றாவது சரணம் கிளம்பியது. மைக் இல்லை. அவள் முன்னால்கூட வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பாடினாள். தில்லைநாயகம் ஒரு கணம் சாரைப் பார்த்தான், அப்புறம் பார்க்காமலே வாசிக்க ஆரம்பித்தான். கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் உடையாமல் வந்து சேர்ந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. பாடி முடித்ததும் யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை.

கிருபாகரன் சாருக்குத் தோன்றியது. மைக்கைப் பிடித்தார். "பாருங்க! ஹரிஷங்கர் சார் கூட ஒரே ஒரு சாயங்காலம் நின்னதுக்கே நம்ம சகோதரிக்கு இப்படி ஒரு குரல் வந்திருக்கு. அவருக்குப் பலமா ஒரு கை தட்டுங்க!"

கை தட்டினார்கள். சுவர் அதிர்ந்தது. பொன்னாடை ஹரிஷங்கர் தோளில் ஏறியது. அந்த மனுஷன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சத்தம் வராமல், பின்னால் நின்ற வேதபுஷ்பத்தைக் கையால் காட்டிக் காட்டி வாயை அசைத்தார். சார் புரிந்துகொண்டார். அவர் கை காட்டிய திசையில் வேகமாக ஓடி, பெண்கள் வரிசைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்க்கை எடுத்து வந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

வரிசையில் நின்றபடியே வேதபுஷ்பம் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கையில் நான்தான் பொருமிக்கொண்டே வந்தேன். "ஏட்டி, அந்தப் பாட்டுக்காரனுக்காவது தெரிஞ்சிருக்கு பாத்தியா. பாவம், அவனுக்குத் தொண்ட மட்டும் இருந்திருந்தா மைக்கப் புடுங்கி ஒன் பேரச் சொல்லிருப்பான்."

"நீங்க ஒரு ஆளு" என்றாள். "தொண்ட இருந்திருந்தா அவரு ஏன் என்னத் திரும்பிப் பாக்கப்போறாரு?"