ஏலக்காரரின் வெட்கம்

"தாத்தா, அடிக்கடி பாத்ரூமுக்குப் போறீங்களே, அங்க உங்களுக்கு யாரு ஃப்ரெண்டு?"

சாப்பிடும்போது பேத்தி கேட்டாள். வீடே சிரித்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே மாமனாரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காய்கறிச் சந்தையில் தொண்டை கிழிய ஏலம் விடுகிறவர் அவர். சிறுநீர் சரியாகப் போகாததை மட்டும் மனைவியிடம்கூட முணுமுணுத்ததில்லை.

சோதனையில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது.

"அங்கேயே நின்னிருந்தா ஆபரேஷன்ல எடுத்துடலாம். எலும்புக்குப் போயிருந்தா வழி வேற" என்றார் டாக்டர்.

அதைப் பார்க்கத்தான் பெட் ஸ்கேன். ஊசியில் ஏற்றும் மருந்து உடம்பெல்லாம் ஓடி, நோய் ஒளிந்திருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ஊசி போட்டு, திரை மறைத்த கட்டிலில் உட்காரவைத்தார்கள். நேரம் ஆனதும் நர்ஸ் வந்தாள்.

"ஐயா, ஒன்னுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

போய், நின்று நின்று பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியிருந்தார். "ம்... ஆச்சும்மா" என்றார், சுவரைப் பார்த்து.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது. "சிஸ்டர், எனக்கு ஆகலை! கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், மசியமாட்டேங்குது. இன்னொரு சான்ஸ் குடு தாயே!"

நர்ஸ் கலகலவென்று சிரித்தாள். "மெதுவா போயிட்டு வாங்க. ஊசி மருந்து மூத்திரத்துலயும் கலந்திருக்கும். பை நிறைஞ்சிருந்தா அதுவும் படத்துல பளபளன்னு தெரியும். பக்கத்துல இருக்கற நோயையே மறைச்சுடும்."

ஏலக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா... நான் சொன்னது பொய். என் கதையும் அதேதான்."

"அட, துணைக்கு ஆள் கிடைச்சாச்சு!" என்றது குரல். "குழாயைத் திறந்துவிட்டுட்டு நில்லுங்கண்ணே. தண்ணிச் சத்தம் கேட்டா தானா வழிக்கு வரும்."

வந்தது. அவர் திரும்பியபோது பக்கத்துக் கட்டில் காலி. அந்த மனிதரின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. கடவுள் சில நேரம் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசுகிறார் போலும்.

நோய் எங்கும் பரவவில்லை. டாக்டர் சொன்னதும் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நோய் பரவியிருக்கான்னு பார்க்க மெஷின் இருக்கு மாமா. வெட்கம் பரவினா வாயைத் திறந்து சொல்றதுதான் வைத்தியம். முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பயந்திருக்க வேண்டாமே?"

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறி ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பினார். எடை போடுகிறவர் அடிக்கடி கிடங்குக்குப் பின்னால் போவதும், முகம் சுருங்கித் திரும்புவதும் கண்ணில் பட்டது. கூட்டம் கலைந்த பிறகு, வெற்றுக் கூடைகளுக்கு நடுவே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு ஒன்னுக்குப் போறதே பெரும்பாடா இருந்துச்சு. உனக்கு எப்படி?"

எடை போடுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. மெல்லப் பேசத் தொடங்கினார்.