படத்தில் விழாத கை

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்த லொறியில் அறுபது மூட்டை குத்தரிசி இருந்தது. யோகராஜா ஒவ்வொன்றாகத் தோளில் வாங்கி, கடையின் பின்கதவு வழியாக உள்ளே கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்தான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் தமிழர்கள் மொத்தமாகச் சாமான் வாங்கும் குகதாசனின் கேஷ் அண்ட் கேரியில் அவனுக்கு இது ஒன்பதாவது வருடம். இருபதாவது மூட்டையை இறக்கி நிமிர்ந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குவாமே இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவனிடம் வந்தான். கானாவிலிருந்து வந்து இருபது வருடமான மனிதன். விடிந்தால் பகிடி விடாமல் வேலை தொடங்கமாட்டான். அன்றைக்கு வாய் திறக்காமல் போனை நீட்டினான்.

பதின்மூன்று விநாடி வீடியோ. மேடையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லாரையும் வந்த வழியே திருப்பி அனுப்புவோம், அதன்பிறகுதான் எங்களுக்கு நிம்மதி என்கிறார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. மேடைக்குப் பக்கத்தில் மெரூன் கோட்டும் தங்கக் கயிறுமாக ஒரு கறுத்த ஆள், இடுப்பில் சைட் ட்ரம்மோடு நிற்கிறான். கைதட்டல் உச்சத்துக்குப் போகும்போது அவனுடைய இரண்டு குச்சிகளும் மேளத்தோலில் உருண்டு, கடைசியில் ஓர் அடி விழுகிறது. நாடியை உயர்த்தி, குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த ஆள் யோகராஜா. வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தது: "சொந்தச் சனத்தைக் கலைக்கச் சொன்னாலும் மேளம் அடிக்கிற நாய்." நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அவன் அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் அவன் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் லண்டனில் ஒரு பாண்ட் வைத்திருந்தது. பதினான்கு பேர். பஸ் ஓட்டுகிறவர், பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர் என்று எல்லாரும் ஷிப்டுக்கு ஓடுகிற ஆட்கள். ஞாயிறு மத்தியானம் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் பழகுவார்கள். தேருக்கும் கல்யாணத்துக்கும் போய் வாசிப்பார்கள். சங்கத்தின் தலைவர் குகதாசன். மெரூன் கோட்டுகளைத் தைப்பித்துக் கொடுத்ததும் அவர்தான், பாண்டுக்கு முன்னால் நின்று கை காட்டுகிறதும் அவர்தான்.

கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. மைக்கில் யார் பேசினாலும், சனம் கைதட்டினால் பாண்ட் தலைவர் வலது கையைத் தூக்குவார், உடனே சைட் ட்ரம் குச்சிகளை உருட்டி ஒரு ரோல் கொடுக்கவேண்டும். பேச்சு, கைதட்டல், கை, ரோல். பதினான்கு வயதில் பழகியது, லண்டனுக்கு வந்தும் மாறவில்லை. பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று ட்ரம் அடிக்கிறவன் கேட்பதே இல்லை, அவன் கண் கையில்தான் இருக்கும். சனிக்கிழமை மாலைக்கும் குகதாசன் அதிகம் சொல்லவில்லை. ஒரு கலாசார நிகழ்ச்சி, கவுன்சில் தேர்தலுக்கு நிற்கிற ஒருவர் வருகிறார், வடிவாகச் செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். யோகராஜாவின் ஆங்கிலம் லொறிக்காரரோடு கதைக்கப் போதும். எதிரொலிக்கிற மண்டபத்தில் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். கைதட்டல் கேட்டது, கை உயர்ந்தது, குச்சிகள் உருண்டன.

வீடியோ எடுத்தவர் வலது பக்கம் நின்றிருக்கிறார். குகதாசன் நின்ற இடத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கத்தோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. கை அதில் இல்லை.

தெரிந்துதான் போனாயா என்று குவாமே கேட்டான். இல்லை என்றான் யோகராஜா. குவாமே பக்கத்தில் இன்னொரு மூட்டையில் உட்கார்ந்து சொன்னான். அவனுடைய மகள் படிக்கும் கல்லூரியிலும் ஒரு மார்ச்சிங் பாண்ட் இருக்கிறது, எல்லாம் கறுப்பினப் பிள்ளைகள். மேடையில் பேசினவரின் கட்சிக்காரர்கள் முதலில் போனது அங்கேதான். புதுக் கருவிகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தார்களாம். இசைக்குக் கட்சி இல்லை, போவோம் என்று பாதிப் பேர். எங்களைப் படத்தில் காட்டிவிட்டு எங்கள் தாய் தகப்பனைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்று மீதிப் பேர். கடைசியில் மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்ததாகத் தமிழ் பாண்டைக் கேட்கப்போகிறார்கள் என்று மகள் சொல்ல, குவாமே இரண்டு கிழமைக்கு முன்பே இதே முற்றத்தில் வைத்துக் குகதாசனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவர் தோளில் தட்டி, நன்றி சொல்லி, ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்தாராம்.

அந்தப் பெட்டியை யோகராஜாவுக்கு நினைவிருந்தது. குவாமேயின் காருக்குத் தூக்கிக்கொண்டு போனது அவன்தான்.

பத்து மணிக்கு லூர்தம்மா வந்தார். ஈஸ்ட் ஹாமிலிருந்து மாதம் ஒரு தடவை அரிசிக்கு வருகிறவர். கடைக்குள் நுழையும்போதே தம்பியைக் கூப்பிடுங்கோ என்பார், யோகராஜாதான் மூட்டையைக் காரில் ஏற்றிவிடுவான். அன்றைக்கு அவன் குனிந்து தூக்கப்போக, அவர் மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், விடும். என்ர மருமோனுக்கு இன்னும் விசாப் பேப்பர் கிடைக்கேல்லை. உம்மடை கையால ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அறுபத்தைந்து வயது மனுஷி பத்துக் கிலோ அரிசியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதைவிட அவர் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மத்தியானம் குகதாசன் மேலே அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் சங்கத்தின் கடிதத்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கை இருந்தது. குறித்த நிகழ்ச்சியைப் பற்றிச் சங்கத்துக்கு எதுவும் தெரியாதாம். பாண்ட் உறுப்பினர் ஒருவர் தன் விருப்பத்தில் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாராம். அவர் விலக்கப்பட்டுவிட்டாராம். அந்த உறுப்பினர் நான்தான் என்று ஒப்புக்கொள்கிற இடத்தில் யோகராஜாவின் பெயரைத் தட்டச்சுச் செய்து, கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தது.

அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"அண்ணை, கை தூக்கினது நீங்கள்."

"ஓம், தூக்கினன்," என்றார் குகதாசன். கோபமே இல்லை. "ஆர் கண்டது? பாண்ட் ஆக்கள் வாய் திறக்கமாட்டினம்."

பிறகு அவர் ஆறுதலாகக் கதைத்தார். முப்பது வருடமாகக் கட்டின பெயர், சங்கம், கடை, இந்தக் கடையை நம்பி இருக்கிற இருபத்திரண்டு குடும்பம். கட்டி முடித்த புது விழா மண்டபத்தைத் திறப்பதற்கான அனுமதி கவுன்சிலில் கிடக்கிறது, யார் வென்றாலும் அவரோடு பகைக்க ஏலாது. யோகராஜாவுக்கு இழக்கப் பெயர் என்று என்ன இருக்கிறது, சனம் இரண்டு மாதத்தில் மறந்துவிடும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

யோகராஜாவுக்கு அந்தத் தாளைத் தெரியும். அவனுடைய மனைவி அனோஜினி ஊரிலிருந்து வந்து இரண்டரை வருடமாகப்போகிறது. ஜூலையில் விசா முடிகிறது. அதை நீட்ட வேண்டுமானால் கணவனுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, போதுமான சம்பளம் வருகிறது என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் அவள் திரும்பிப் போகவேண்டும். மூன்று கிழமைக்கு முன் அவனே தட்டச்சுச் செய்வித்துக் கொடுத்த கடிதம் அது.

"ரெண்டு கையெழுத்து யோகன். முதல் நீ ஒண்டு வை. பிறகு நான் ஒண்டு வைக்கிறன்."

அவன் வைத்தான். குகதாசன் அறிக்கையை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கையெழுத்து வைக்காமலே கடிதத்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். கணக்குப் பார்க்கிற பெடியனும் சங்கத்து ஆள், இன்றைக்கே உனக்குக் கடிதம் கொடுத்தால் விஷயம் வெளியில் போய்விடும், சனம் ஆறட்டும் என்றார்.

அனோஜினி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்து கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்கிற பெண்களில் ஒருத்தி வீடியோவைக் காட்டி, இது உன் கணவரா என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தாள் திருப்பி அனுப்புவன் எண்டு சொன்னது என்னைத்தான். விளங்கினதே உங்களுக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கையை, குவாமேயை, மாம்பழப் பெட்டியை, அறிக்கையை.  கடிதம் தந்தவரோ என்றாள் அவள். சனம் ஆறட்டுமாம் என்றான்.

"அப்ப நீங்கள் வைச்ச கையெழுத்து மட்டும் சூட்டோட போகலாமோ?"

அன்றிரவே அறிக்கை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. யோகராஜாவைக் கடையிலிருந்தும் நிறுத்திவிட்டேன் என்று குகதாசன் தன் வாயாலேயே ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். அதைக் கேட்டவர்கள் இப்படியல்லவோ தலைவர் இருக்கவேண்டும் என்று கை கூப்பும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள்.

மறுநாள் தொட்டு யோகராஜாவுக்கு வேலை ஃப்ரீசர் அறைக்குள். கடைக்கு வருகிறவர்களின் கண்ணில் பட்டுவிடக்கூடாது. விடியப் பின்கதவால் வந்து, கடை பூட்டின பிறகு பின்கதவால் போகவேண்டும். சம்பளம் வழமை போல. மைனஸ் பதினெட்டு டிகிரியில் அறக்குளா மீன் பெட்டியும் கணவாய்ப் பெட்டியும் மாற்றி அடுக்கினான். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து சூடேற வேண்டும் என்பது விதி. வெளியே வாடிக்கையாளர் நின்றால் அதுவும் முடியாது, கதவுக்குப் பின்னாலேயே நின்று கையை உரசிக்கொள்வான். வைகாசி பிறந்தபோது வலது கையின் இரண்டு விரல்களில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டான் என்று ஊரே நம்புகிற ஒருவன் ஊருக்கெல்லாம் மீன் அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வெள்ளியும் கடிதத்தைக் கேட்டான். தேர்தல் முடியட்டும் என்றார் குகதாசன். தேர்தல் முடிந்தது, சாம்பல் கோட்டுக்காரர் வென்றார். மண்டப அனுமதி வரட்டும் என்றார். ஜூனில் அதுவும் வந்தது. நானாக இருந்தால் அந்தத் தாளை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வருவேன் என்று குவாமே சொன்னான்.  விசாவுக்குப் பதினொரு நாள் இருந்தபோது குகதாசனே போன் எடுத்தார்.

"சனிக்கிழமை மண்டபம் திறக்கிறம். சமையலுக்கு முப்பது பெட்டி இறால் வேணும், நீயே கொண்டு வா. கடிதத்தையும் கொண்டு வா, அங்கை வைச்சு வைக்கிறன்."

சனிக்கிழமை வேனைப் பின்பக்கம் நிறுத்தி, பெட்டிகளைச் சமையலறைக்குள் இறக்கி முடிக்க ஏழு மணியாகிவிட்டது. ஃப்ரீசர் ஜாக்கெட்டைக் கழற்ற நேரமில்லை. உள்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. சமையலறையிலிருந்து மண்டபத்தின் பின்வரிசைப் பக்கம் திறக்கிற கதவை ஒரு சாண் திறந்து, குகதாசனின் கண்ணில் படுகிற மாதிரி நின்றான்.

முன்வரிசையில் சங்கத்துக் கமிட்டிக்காரர்கள். மூன்றாம் வரிசையில் லூர்தம்மா, பட்டுச் சேலையில். மேடைக்குப் பக்கத்தில் பாண்ட். அவனுடைய மெரூன் கோட்டை வேறொருவர் போட்டிருந்தார், கைநீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது. குகதாசன் சிவப்புப் பொன்னாடையை விரித்துச் சாம்பல் கோட்டின் மேல் போர்த்தி, சுருங்கின இடமெல்லாம் இழுத்துச் சரிசெய்தார். புதிய கவுன்சிலர் மைக்குக்கு வந்து முகம் நிறையச் சிரித்து, தப்பும் தவறுமாக வணக்கம் என்றார். எங்கடை பாசையில் சொல்லிப்போட்டார் என்று மண்டபம் உருகிப்போய்க் கைதட்டியது. லூர்தம்மாவும் தட்டினார்.

குகதாசனின் வலது கை உயர்ந்தது. சைட் ட்ரம் உருண்டு முழங்கியது.

இருநூறு போன்கள் மேலே எழுந்து நின்றன. இந்தமுறை கை எல்லாவற்றிலும் நடுவில் விழுந்தது. யோகராஜா உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டான். குகதாசன் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தார், கையை இன்னும் இறக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அந்தக் கதவைச் சாத்துங்கோ," என்றாள். "மீன் மணக்குது."