பாலத்தின் மேல் கோயம்புத்தூர் வண்டி

காலை எட்டு மணிக்கு என் அண்ணன் ஆனந்தகுமார் பால்கனியிலிருந்து கத்தினார். "அம்மிணி! என்ற வண்டியக் காணோம்!"

நான் தோசைக் கரண்டியோடு நின்றேன். அண்ணன் அந்தக் காரை வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து அவரே ஓட்டிவந்து, எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிறுத்தி, அதன் முகப்பை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் மாடியேறினார். அவர் வந்தது என்னைக் கூட்டிப்போக.

விஷயம் இதுதான். நான் மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. வேளச்சேரியில் சொந்த வீடு, இரண்டாவது மாடி. கல்யாணம் முறிந்து ஆறு வருடமாகிறது, தனியாக இருக்கிறேன். போன டிசம்பரில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல், வாசலில் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோபத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டேன். தண்ணீர் வடிந்தது, கோபமும் வடிந்தது. வங்கி மட்டும் மறக்கவில்லை. மாற்றல் கிடைத்துவிட்டது. ஏற்கிறேனா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்போது விட்டால் மூன்று வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. ஒரு வாரமாக போனில் வங்கிக்குப் பதில் சொல்லும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நான் இழுத்தடிப்பதை மோப்பம் பிடித்துத்தான் அண்ணன் கிளம்பி வந்துவிட்டார்.

"மாட்டி வெச்ச எடத்துல சாவியுமில்ல! வூட்டுக்குள்ள பூந்து எடுத்துட்டுப் போயிருக்கறானுக! இந்தத் திருட்டு ஊர்ல ஒரு நாள்கூட நீ இருக்க வேண்டாம். சட்டையப் போட்டுட்டு வரேன், ஸ்டேஷனுக்குப் போலாம்."

கதவோரக் கொக்கியைப் பார்த்தேன். என் கார் சாவியும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெருமழை வரும், ரெட் அலர்ட் என்று டிவியில் சொன்னதும் நாங்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிடுவோம். வீடு முழுகினால் துடைத்துக்கொள்ளலாம், இன்ஜின் முழுகினால் அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் அந்தப் பொறுப்பு தரைத்தளத்து ஷரஃபுதீனுடையது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். விடியற்காலை ஐந்தரைக்கு ஒவ்வொரு வீட்டு மணியாக அடிப்பார். நாம் கதவை ஒரு சாண் திறந்து, கொக்கியில் இருப்பதை எடுத்து நீட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளலாம். இன்றும் அப்படித்தான் நீட்டியிருக்கிறேன். கொக்கியில் இரண்டு சாவி தொங்கியிருக்கிறது.

"அண்ணா, திருட்டெல்லாம் இல்லைங்க. நான்தான் குடுத்துட்டேன்."

"யாருகிட்ட?"

"ஷரஃபுதீன் பாய்கிட்டதான் குடுத்திருப்பேன்."

"இருப்பேன்னா? மூஞ்சியப் பாத்துக் குடுத்தியா இல்லியா?"

"கண்ணு மூடியிருந்துச்சுங்கண்ணா."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தண்ணியும் உப்பு" என்றார்.

ஷரஃபுதீன் போனை எடுக்கவில்லை. வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணனோடு நடந்தே பாலத்துக்குக் கிளம்பினேன். தெருவில் இறங்கினால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மண்டையைப் பிளக்கும் வெயில். ரெட் அலர்ட் என்றால் சென்னையில் முக்கால்வாசி நேரம் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் பிள்ளைகள் நடுத்தெருவில் கிரிக்கெட் ஆடின. ஒரு வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்கி, அதன் மேலேயே வடகம் காயவைத்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார்.

திருப்பத்தில் ஒரு ஆட்டோ அவர் காலை உரசிக்கொண்டு நின்றது.

"இன்னாபா, ஆள் மேலயே ஏத்திடுவியா? கண்ணு கீதா இல்லியா?" என்று பாய்ந்தேன்.

"கோச்சுக்காதக்கா. மழ வரதுக்குள்ள ஊட்டுக்குப் போய்டலாம்னு போய்க்கினு கீறேன்."

"எங்க மழ?"

அவன் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பேச்செல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

இந்த ஊரை நான் திட்டாத நாளில்லை. மயிலாப்பூர் லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறேன் என்று வாரத்துக்கொரு தெருவை ஒருவழி ஆக்குகிறார்கள். அடையாறு பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தி. நகரில் ஜாக்கெட் துணி எடுக்கப் போனால் என் காலில் யார் செருப்பு என்று தெரியாமல் வீடு வந்து சேர்வேன். எல்லாவற்றையும் வாய் வலிக்கத் திட்டுவேன். ஆனால் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் ஏன் எனக்குச் சுருக்கென்கிறது என்று யோசித்துக்கொண்டே பாலம் ஏறினேன்.

பாலத்தின் மேல் ஓரமாக நாற்பது ஐம்பது கார்கள் வரிசைகட்டி நின்றன. கார்க்காரர்கள் குடையை விரித்து வெயிலுக்குப் பிடித்திருந்தார்கள். சைக்கிளில் டீ விற்பவர் வந்திருந்தார். அண்ணனின் வண்டி வரிசையில் நட்டநடுவே, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு நின்றது. அதன் மேல் யாருடைய பெட்ஷீட்டோ போர்த்தியிருந்தது. கண்ணாடியில் ஒரு காகிதம்: "கோவை விருந்தாளி வண்டி. தயவுசெய்து சாய வேண்டாம்." கீழே ஷரஃபுதீனின் போன் நம்பர்.

வண்டியின் நிழலில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் தேவானை உட்கார்ந்திருந்தாள். எங்கள் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்குகிறவள். முன்பு அடையாற்றங்கரையில் குடிசை. இப்போது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

"நீதான் அண்ணனா? நல்லாப் பாத்துக்க நைனா, ஒரு கீறல் கெடையாது. நம்ம ஊருக்கு வந்த வண்டி தண்ணில முழுவுனா நம்மளுக்குத்தான கேவலம்? அதான் பாய் உன் வண்டியத்தான் மொதல்ல ஏத்துனாரு."

அண்ணன் வண்டியை மூன்று சுற்று சுற்றிவந்தார். ஷரஃபுதீன் ஓடிவந்து சாவியை நீட்டினார். "சார், போன் சார்ஜ்ல இருக்கு. சீட்டை மட்டும் முன்னால இழுத்துட்டேன், எனக்குக் கால் எட்டல. மன்னிச்சுக்கங்க."

அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். பயம் போனதும் கோபம் வந்தது. "மழை பேஞ்சா முழுகறீங்க, பேயலைன்னா பாலத்து மேல நின்னு காயறீங்க. இதெல்லாம் ஒரு பொழப்பா? அம்மிணி, போனை எடு. இப்பவே ஒத்துக்கறேன்னு போடு. சாயங்காலம் என்கூடக் கெளம்பற."

"எங்க கெளம்புற?" என்றாள் தேவானை.

மாற்றல் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னேன். ஷரஃபுதீன், "அப்ப எங்கிட்ட இருக்கிற உங்க வீட்டு ஸ்பேர் சாவி?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தேவானை எழுந்து பக்கெட்டை நிமிர்த்தினாள். "போனா போ. அங்க தண்ணி சர்க்கரையாட்டம் இருக்குமாமே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் குரல் சரியாக இல்லை.

கோயம்புத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். நல்ல மனிதர். அவர் வந்து கார் சாவி கேட்டால் எதற்கு என்று நிச்சயமாகக் கேட்பேன். இங்கே கண்ணைக்கூடத் திறக்காமல் கொடுத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதுவும் அண்ணனின் பதினோரு நாள் காரை. எனக்கு இந்த ஊரைப் பிடிக்கிறது. நாறினாலும் பிடிக்கிறது.

"அண்ணா, நான் வரலைங்க."

"என்ன சொன்ன?"

"வரலைங்க. எழுதிக் கேட்டது நான்தான், தப்பு என்னுதுதான். ஆனா வரல."

அண்ணன் பெட்ஷீட்டை உருவி என் கையில் கொடுத்தார். காரில் ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படியே கோயம்புத்தூருக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் செய்யக்கூடிய ஆள்தான்.

சற்று நேரத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். "மழைக்கு வெச்சீங்க, ஒண்ணும் சொல்லல. வெயிலுக்கும் பாலமா? எடுங்க, எடுங்க." எங்கள் குடியிருப்புக் கார் மட்டும் ஆறு இருந்தது. பலரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓட்டுவதற்கு ஷரஃபுதீனும் நானும்தான். எதை முதலில் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, பாலத்தின் ஏற்றத்தில் அண்ணன் நடந்து வருவது தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக ஷரஃபுதீனிடம் போனார்.

"என்ற வண்டிய வூட்டுல நிறுத்திட்டு வந்துட்டேன். இன்னும் எத்தன வண்டிங்க பாக்கி?"

"ஆறு சார். நீங்க ஏன் சார் சிரமப்பட்டுக்கிட்டு?"

"குடுங்க ஒண்ண. அவ்வளவு தூரம் நம்ம வண்டியக் கொண்டாந்திருக்கீங்க."

மூன்றாவது மாடி நிரஞ்சனின் பழைய காருக்கு ஷரஃபுதீன் அவரை அனுப்பினார். அதன் கிளட்ச் பழகாத காலை முறித்துவிடும். வழி காட்ட நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பாலத்தை விட்டு இறங்கினோம்.

"இடது பக்கம் ஒடிங்கண்ணா, பள்ளம். இப்ப வலது. அந்தச் சாக்கடை மூடி மேல ஏத்தாதீங்க, ஆடும்."

"எல்லாப் பள்ளமும் மனப்பாடமா?"

"ஆமாங்க."

நான் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "மறுக்கிறேன்" என்பதை அழுத்தினேன். உறுதியாகத்தானா என்று கேட்டது. மறுபடி அழுத்தினேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் மனசு லேசாக இருந்தது. அம்மா ஆறு வருடமாக எனக்காக ஒரு அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வேன் என்பதுதான் பாக்கி.

அண்ணன் ஓரக்கண்ணால் போனைப் பார்த்தார். கியரை மாற்ற ஒருமுறை திணறினார்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார். "நீ அழுகாம பள்ளத்தச் சொல்லு."