ஐந்து வேளைக் கட்டுச்சோறு

தொட்டிக்கல் மலை முகாமில் யாராவது “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு, நாம் “ஆச்சு” என்று சொல்லிவிட்டால் அந்த வேளைச் சாப்பாடு முடிந்தது. டப்பா காலியாகிவிடும். வயிறு நிறையாது. வயிறு முகாம் நிர்வாகத்தின் கீழ் வருவதில்லை.

இதை அவர்கள் மறைக்கவில்லை. கூடாரம் பதிவு செய்தபோது அனுப்பிய விதிமுறைத் தாளில், குப்பை போடக் கூடாது என்பதற்கும் குரங்குகளுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் நடுவில் தெளிவாக அச்சாகியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு பதில்தான், அதைக் குடும்பத் தலைவர்தான் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. நான் அதை என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அவர் பெயர் அர்த்தநாரி. எங்கள் ஊர் கோபி. அங்கே மரியாதை கொஞ்சம் அதிகம், இவருக்கு அதிலும் அதிகம். மின்கம்பத்தில் இடித்துக்கொண்டால்கூட “பரவால்லீங்க” என்று கம்பத்திடம் சொல்லிவிட்டு வருகிற மனிதர்.

“யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதான்” என்றேன்.

“அதெப்படி கோகிலா? கேக்கறவங்களுக்குச் சங்கடமாயிராதா?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு “இல்லை” என்றால் கேட்டவர் சோறு போட்டாக வேண்டும். அவர் வீட்டுப் பானையில் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். அதனால் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் “ஆச்சுங்க, இப்பத்தானுங்க” என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதையெல்லாம் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை போய் ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புகிற பயணம். ஐந்து வேளை. முகாம் கேன்டீனில் ஒரு தோசைக்குச் சொல்கிற விலையைக் கேட்டபிறகு, எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். சனி காலைக்கு இட்லி. நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழை இலையில் அடுக்கியது. மதியத்துக்குப் புளிசோறும் தேங்காய்த் துவையலும். இரவுக்கு அரிசிம்பருப்பு சாதம். அரிசி, துவரம்பருப்பு, சீரகம், பூண்டு, வரமிளகாய் எல்லாவற்றையும் ஒரே பையில் அளந்து போட்டுவிட்டேன். அங்கே போய்த் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தால் போதும். ஞாயிறு காலைக்கு ரவையை வறுத்து, தாளிதத்தையும் சேர்த்தே டப்பாவில் அடைத்தேன். வெந்நீர் ஊற்றிக் கிளறினால் உப்புமா. கடைசி வேளைக்குக் குழைய வடித்த சோறு. பாலை ஒரு கரண்டி தயிர் விட்டு உறைகுத்தித் தனியே புட்டியில். இதற்கெல்லாம் வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு ஆயிற்று. செலவு குறைவு, வேலை சுலபம் என்று சொல்கிறவர்களை எங்கள் சமையலறையில் ஒருநாள் நிறுத்த வேண்டும்.

முகாம் வாசலில் வாட்ச்மேன் பொன்னான் பதிவேட்டோடு நின்றார். வயதானவர், அன்பாகப் பேசுகிறவர். “வாங்க சார். சாப்டாச்சுங்களா?”

நான் முந்திக்கொண்டு “இல்லைங்க” என்றேன். பொன்னான் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சார் சொல்லட்டுங்க” என்றார்.

“ஆச்சுங்க, ஆச்சுங்க” என்றார் சார்.

பொன்னான் எழுதிக்கொண்டார். பையைத் திறந்தேன். இட்லி கட்டிய இலை காலியாகி, உள்பக்கமாக மடிந்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரியவள் சஷ்டிகா, பதினொரு வயது, இலையைத் தொட்டு விரலை நக்கினாள். பொடி காரம் என்றாள்.

“என்னங்க இது?” என்றேன்.

“வாய்ல வந்துருச்சு” என்றார்.

மதியம் அருவிக்குப் போகிற பாதையில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் எதிரே வந்தார். லோகநாதன் என்று பெயர், கரூரில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர். பாறையின்மேல் நான் புளிசோற்று டப்பாவின் மூடியில் கை வைத்திருந்தேன். “சாப்டாச்சுங்களா?” என்றார் வாத்தியார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே “இப்பத்தானுங்க” என்றார். என் கைக்குக் கீழே டப்பா இலேசானது. வாத்தியார் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். துவையலைக்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருவி இருக்கிற இடத்தில் மனிதர்களைத் திட்டினால் கேட்காது என்பதால் வேண்டிய மட்டும் திட்டினேன். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தேன். பிஸ்கட்டை முகாம் ஒரு வேளையாக ஒப்புக்கொள்வதில்லை, அதனால் பொட்டலம் அப்படியே இருந்தது. ஆனால் பிஸ்கட்டில் எவ்வளவு தூரம் போக முடியும்? சின்னவள் மிருணாவுக்கு ஆறு வயது. பசி வந்தால் அவள் அழமாட்டாள், பேச்சை நிறுத்திக்கொள்வாள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவள் பேச்சு நின்றது. இந்தப் பிள்ளையை மறுபடி பேச வைப்பது ஒன்றுதான் அதற்கப்புறம் எனக்கு வேலை.

கூடாரத்துக்கு வந்து அவரை எதிரே உட்கார வைத்துப் பழக்கினேன். நான் பொன்னானாகக் கேட்டேன். “சாப்டாச்சுங்களா?”

“இல்...” என்றார். தொண்டையைச் செருமினார். “இல்...” என்றார் மறுபடியும். நெற்றியில் வியர்த்தது. “இல்...லீங்க, ஆச்சுங்க” என்றார்.

நல்லவேளை, நான் நிர்வாகத்தில் இல்லை. சாமான்கள் தப்பின.

சஷ்டிகாதான் ஒரு யோசனை சொன்னாள். “அப்பா, இனிமேத்தான்னு சொல்லிருங்க. அதுல இல்லையும் இல்ல, ஆச்சும் இல்ல.” பள்ளிக்கூடத்தில் வாங்குகிற மதிப்பெண்ணைவிட இவளுக்கு விவரம் அதிகம். அவருக்கும் அந்த வார்த்தை வாயில் சுலபமாக வந்தது.

பொழுது சாய்கிற நேரம் அரிசிம்பருப்பு பொங்கி வந்தது. பூண்டு வாசனைக்கு மிருணா கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். தட்டை எடுத்துவைத்தேன். லோகநாதன் வாத்தியார் வேலியோரம் வந்து கேட்டார்.

“இனிமேத்தானுங்க” என்றார் இவர். குண்டானைப் பார்த்தேன். சாதம் இருந்தது. முதல் தடவையாக எனக்கு மூச்சு வந்தது. அப்போது இவர், “வாங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிடலாம்” என்றார்.

கூப்பிட்டால் வர வேண்டும் என்பது முகாமில் நான்காவது விதி. வாத்தியார் குடும்பம் தட்டுகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தது. அவர் மனைவி களைத்துப்போயிருந்தார். அன்று மதியத்திலிருந்து மூன்று கூடாரங்களில் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்களாம், இது நான்காவது. “மன்னிச்சுக்கங்க அக்கா, கொஞ்சமா வைங்க” என்றார் என்னிடம். கொஞ்சமாக வைக்க முடியாது, ஐந்தாவது விதி. என் பிள்ளைகளுக்கு அடிப்பிடித்ததில் ஆளுக்கு இரண்டு கை தேறியது. மிருணா தின்றாள், பேசவில்லை.

ஞாயிறு காலை, யார் கண்ணிலும் படக் கூடாது என்று கூடாரத்தின் ஜிப்பை உள்ளிருந்து இழுத்துவிட்டு வெந்நீர் வைத்தேன். தண்ணீர் கொதிக்கிற நேரம் இவருடைய போன் அடித்தது. நம்பியூரிலிருந்து சின்னம்மா. மலையில் ஒருத்தர் போனும் எடுக்காது என்றார்கள். சின்னம்மாவின் குரல் மட்டும் எப்படித்தான் மேலே ஏறி வருகிறதோ.

“ஆச்சு சின்னம்மா. நீங்க?” என்றார்.

சின்னம்மாவும் ஆச்சு என்றிருப்பார். அவருக்கென்ன, நம்பியூரில் அது வெறும் வார்த்தை. நான் ரவை டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. குலுக்கினேன், ஒரே ஒரு கடுகு மட்டும் உருண்டது.

“பதிமூணு வருசமா உங்ககூட குடும்பம் நடத்துறேனே, எனக்குக் கோயில் கட்டணும்” என்றேன். அவர், “பரவால்லீங்க” என்றார். யாரிடம் பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

மீதியிருந்தது தயிர் சாதம். மதிய வேளை. மிருணா இப்போது கூடாரத்து மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினாள். நாலு மணி பஸ் மூன்று மணி நேரம் மலையிறங்கும். இந்தச் சோறும் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு நான் அவரை வெளியே கூட்டிவந்து, கூடாரத்து வாசலில் நிற்கவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். “வாய் நிறைய ஊத்திக்கங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. நான் சொல்றவரைக்கும்.” அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது, சொன்னதைச் செய்வார்.

பிறகு புட்டியைத் திறந்தேன். பால் நன்றாக உறைந்திருந்தது. சோற்றில் கொட்டிப் பிசைந்து, உருட்டி உருட்டி இரண்டு பேர் கையிலும் வைத்தேன். சஷ்டிகா எட்டு உருண்டை தின்றாள். மிருணா ஐந்து உருண்டை வரை மௌனமாகத் தின்றாள். ஆறாவதைக் கையில் வாங்கிக்கொண்டு, “அம்மா, ஊறுகாய் கொண்டாரலையா?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாங்காய் ஊறுகாயை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் காரம் என்று அதற்கப்புறம் ஓயாமல் பேச ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் பொன்னான் பதிவேட்டோடு வந்தார். “சாப்டாச்சுங்களா சார்?” என்றார். இவர் கண்ணை உருட்டினார். தொண்டை ஏறி இறங்கியது, ஆனால் விழுங்கவில்லை. பொன்னான் ஒரு நிமிடம் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு, தலைவர் பேச முடியாத நிலையில் இருந்தால் அடுத்தவரைக் கேட்கலாம் என்று பதிவேட்டின் அட்டையில் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க சாப்டாச்சுங்களாம்மா?”

பாத்திரத்தில் இன்னும் மூன்று உருண்டைக்குச் சோறு இருந்தது. அது இவருக்கு. யோசிக்காமல் சொன்னேன். “அவுங்கெல்லாம் சாப்பிடட்டுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

“அப்புறங்களா?” என்றார் பொன்னான். பதிவேட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலால் ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “கோகிலவாணி, கோபி. இருக்குங்க. வாங்க போலாம்.”

முகாமில் அப்புறம் என்பது நேரமல்ல, இடம். மலையின் அந்தப் புறம். புல் வெட்டிய ஒரு சரிவு வழியாகப் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. அங்கே நீளமான பந்திப் பாய்கள் விரித்து, இலை போட்டு, பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை, அவசரப்படவும் இல்லை. வாத்தியார் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

பரிமாறுவது தேதிவாரியாக நடந்தது. முதலில் எனக்கு வந்தது கல்யாணமான மூன்றாம் நாள் மதியம். பதினாறு பேருக்குப் போட்டுவிட்டு, நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொன்ன பருப்பும் நெய்யும் சுரைக்காய்ப் பொரியலும். சூடாக இருந்தது. அடுத்தது அந்த வருடத்துத் தீபாவளி. அடுத்தது நாத்தனார் சீமந்தத்தன்று எனக்கு வருவதற்குள் தீர்ந்துபோன வடை. இங்கே தீரவில்லை, இரண்டு வைத்தார்கள். சப்பணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையில் கை துடைக்காமல், நடுவில் எழுந்து யாருக்கும் தண்ணீர் கொடுக்காமல் சாப்பிட்டேன். இவ்வளவு பசி எனக்கு இருந்தது என்பது எனக்கே தெரியாது.

சஷ்டிகா பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்துச் சாப்பாட்டை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் பந்தியின் ஓரத்தில் வந்து நின்றார். வாய்த் தண்ணீரை எங்கோ துப்பியிருந்தார். அந்தப் பக்கத்தில் அவரைப்போலத் தேடி வந்த ஆண்கள் நாலைந்து பேர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கூட்டு வைத்துக்கொண்டிருந்தார். பொன்னான் ஒரு ரச வாளியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். வாளியில் ‘அர்த்தநாரி, கோபி’ என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருந்தது. பெயின்ட் பழையது, பாதி உதிர்ந்திருந்தது.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் இலையிலிருந்து ஆரம்பித்தார். “ரசமுங்களா? ரசமுங்களா?” ஒவ்வோர் இலையாகக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

“கோகிலா, நாலு மணிக்கு பஸ்ஸு” என்றார் மெதுவாக.

நான் இலையில் சோற்றைக் குழித்தேன்.

“ஊத்துங்க” என்றேன்.