படத்தின் நெற்றி

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. பதின்மூன்று வருடமாக அந்தக் கடிதம் என் பீரோவில் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் வேறு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை நன்றாக வந்துவிட்டால் பிறகு மனசு வராது.

அடித்துப்போட்ட தொடக்கங்கள் இரண்டு:

"ஐரோப்பிய ஓவியம் உருவத்தைக் கைகழுவிப் பல பத்தாண்டுகள் கழித்து, கீழைநாட்டுக் கோயில் நகரமொன்றில்..." (கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

"மலை அன்று காலையில்..." (வேண்டாம். இந்த ஊரை எழுதுகிற எல்லோரும் மலையைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.)

வேடியப்பனிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

வேடியப்பனுக்குத் தேரடி வீதியில் பிரேம் கடை. 1989இல் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானதும் அவருக்கு யோகம் அடித்தது. புது அலுவலகங்களுக்குச் சுவர் இருந்தது, சுவருக்கெல்லாம் படம் தேவைப்பட்டது. அப்படி ஓர் அலுவலகத்தின் குமாஸ்தாவாகத்தான் நான் அவரிடம் போனேன்.

பொட்டு வைக்காமல் எந்தப் படத்தையும் அவர் கடையிலிருந்து இறக்கமாட்டார். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக் கண்ணாடிமேல் வைப்பார். சாமியானாலும் நெற்றியில், செத்துப்போன மாமனாரானாலும் நெற்றியில். [பகுத்தறிவுத் தலைவர் ஒருவருக்கும் வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. இங்கே இடமில்லை.]

இங்கர் டென்மார்க்கிலிருந்து வந்த பெண் ஓவியர். கிரிவலப் பாதையில் வீடு எடுத்து, ஒரு வருடமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காவிப் பட்டைகளும் சாம்பல் பட்டைகளும்தான் படம். உருவம் என்று எதுவும் கிடையாது. சாயங்காலங்களில் கடைக்கு வந்து உட்கார்ந்து சாமி படங்களைப் பார்ப்பார். நான் நடுவில் மொழிபெயர்ப்பேன். இருவருக்கும் இல்லாத ஒன்று எனக்கு இருக்கிறது என்று அப்போது கொஞ்சம் கர்வம்.

"உருவமே இல்லைன்னா யாரு படம்னு எப்படி சார் தெரியும்?" என்றார் வேடியப்பன்.

"தெரிய வேணாம். அதான் நவீன ஓவியம்" என்றேன் நான்.

"யாருக்குத் தெரிய வேணாம்? பாக்கறவங்களுக்கா, படத்துக்கா?"

இந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன்.

3

ஊருக்குத் திரும்புமுன் இங்கர் அந்தப் படத்தைப் பிரேம் போடக் கொடுத்தார். கண்ணாடி வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.*

மறுநாள் காலை பிரேம் தயார். வேடியப்பன் குங்குமத்தைக் குழைத்து விரலில் எடுத்துக்கொண்டார். விரல் அந்தரத்திலேயே நின்றது. நெற்றி எங்கே? படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப்போய்ப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். விரலில் குங்குமம் காய்ந்துபோக, மறுபடி குழைத்தார். ஏதாவது ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்து, நடுவுக்குச் சற்று மேலே, இடப்பக்கமாக, இரண்டு காவிப் பட்டைகள் சேருமிடத்தில் அழுத்தி வைத்தார்.

இங்கர் வந்தார், பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வேடியப்பன் பதறிப்போய்த் துணியால் துடைக்கப் போனார். இங்கர் அவர் கையைத் தள்ளிவிட்டு, படத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் டர்பன்டைனும் பஞ்சுமாக வேடியப்பன் கிரிவலப் பாதைக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது.

"ஒரு வருச உழைப்பு சார். ஒரு விரல்ல நாசம் பண்ணிட்டேன்."

அதற்கப்புறம் அவர் எந்தப் படத்துக்கும் பொட்டு வைக்கவில்லை. சாமி படத்துக்குக்கூட.

* எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாயிருக்கும், எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். வேடியப்பனிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே என்பது என் சமாதானம்.

4

1991இல் கடிதம் வந்தது. வேடியப்பனுக்கு எழுதியது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாததால் என் முகவரிக்கு.

இரண்டு மாதம் கோபமாக இருந்தாராம் இங்கர். பிறகு ஒருநாள் பொட்டை அழிக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்ததாம், ஒரு வருடமாகத் தான் தேடிய இடம் அதுதான் என்று. 'அவருக்கு அது எப்படித் தெரிந்தது? தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். அவர் கையைத் தள்ளியதற்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.'

நவீன ஓவியத்தைப் பற்றி அந்தக் கடையில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். கடிதத்தில் எனக்கிருந்தது ஒரே வரி: நலமா?

நாளைக்குச் சொல்லலாம் என்று பீரோவில் வைத்தேன். நாளை

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. பொறாமை என்று நேராக எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு வெட்கம். வருடம் ஏற ஏற வெட்கம்தான் ஜாஸ்தியானது.]

5

சென்ற மாதம் கண்காட்சிப் புத்தகம் ஒன்று தபாலில் வந்தது. இங்கரின் படங்கள் மூன்று நாடுகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாப் படத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. கீழைத் தத்துவத்தின் சூனியம் என்று ஒரு பேராசிரியர் பதினோரு பக்கம் விளக்கியிருக்கிறார். கடைசியில் இங்கர் எழுதியிருக்கிறார்: 'இந்த இடத்தைக் காட்டியவர் திருவண்ணாமலையில் பிரேம் கடை வைத்திருக்கும் வேடியப்பன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை.'

அவர் பதில் எழுதவில்லையாம்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அவர் காலில் விழுகிறேன், நாடகம். இன்னொன்றில் எல்லாம் தெரிந்து அவர் சிரித்து மன்னிக்கிறார், எனக்குச் சௌகரியம். இரண்டையும் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

அந்த முதல் படம் இருந்த பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து, பிரேம் போட வேண்டுமென்று வேடியப்பனிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் அவரே கேட்பார், சொல்லிவிடலாம் என்று திட்டம். புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அந்தம்மா படம்." விரல் புள்ளிக்கு அருகில் போய், தொடாமல் திரும்பியது. "இன்னும் போகலை பாருங்க சார். எத்தினி வாட்டி தேச்சுதோ, பாவம்."

நான் வாயைத் திறந்தேன்.

"கண்ணாடி போட்டுடறேன் சார். இனிமே யாரும் கை வெக்க முடியாது. வெள்ளிக்கிழமை வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

6

இன்று வியாழன். கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை கடைக்குள் போனதும் நான் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு வந்தால் இங்கே எழுதுங்கள்:

"வேடியப்பன், ....................................."