நேராக்கிய சக்கரங்கள்

நட்டு மூன்று நாள் சாயங்காலம் முதுகு ஒடியச் சாய்த்து வைத்த நான்கு சக்கரங்களை, அவளுடைய அப்பா ஒரே காலையில் நிமிர்த்திக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டித் தீர்த்துவிடலாம். அவர் பாசத்தில் செய்தார். காரையும் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

நட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நான்கு வயதில் ஒரு நட்டை விழுங்கிவிட்டு, வீடே இரண்டு நாள் கவலையோடு காத்திருந்து அதைத் திரும்பப் பெற்ற பிறகு ஒட்டிக்கொண்டது. இப்போது வயது இருபத்தாறு. பந்தயக் கார் பட்டறையில் ஐந்து வருடமாக வேலை. ஆனாலும் அவள் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், எப்போது வாயில் போடுவாளோ என்றுதான் வீட்டில் பார்ப்பார்கள்.

அண்ணனுக்குப் பட்டப்பெயர் சாம்பியன். ஒருமுறை மூன்று கார் ஓடிய பந்தயத்தில் ஒன்று நடுவழியில் நின்றுபோனதால் அவனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர். வைத்தது யார் என்று கேட்டால் அவனே சொல்வான், அவன்தான்.

காரும் அவனுடையது. இரண்டே இருக்கை, தரையை உரசும் உயரம், ஊறுகாய் ஜாடி ஒன்று வைக்கக்கூட இடமில்லாத டிக்கி. அடுத்த மாதம் வரும் பந்தயத்தில் ஒரு காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஓட்டுநர் இடம் எனக்கு வேண்டும் என்று நட்டு கேட்டாள். சாம்பியன் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் பெருந்தன்மையாகச் சொன்னான்:

"சனிக்கிழமை ப்ராக்டிஸ் இருக்கு. நீ செட் பண்ண கார்ல நான் ஒரு சுத்தை ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சேன்னா, இடம் உனக்கு. இல்லேன்னா பெரியப்பா பையனுக்கு."

பெரியப்பா பையனின் தகுதி, அவன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையால் ஜீப் ஓட்டுவான் என்பது.

நட்டு வேலையில் இறங்கினாள். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறக்கினாள். ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் திருகைக் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினாள், முன்னால் எட்டு கிளிக், பின்னால் ஆறு. கடைசியாகச் சக்கரங்களின் சாய்மானம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாயும், டயரும் கூடவே சாய்ந்து வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும். உள்ளங்கை அகல டயரை வாங்கிப் போட்டுச் சுண்டுவிரல் அகலத்தில் ஓட்டுகிற கதைதான். அதனால் முன்கூட்டியே சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே சாய்த்து வைப்பார்கள். வளைவுக்குள் போனதும் அது தானாகத் தட்டையாக உட்காரும். முன்னால் மூன்று டிகிரி, பின்னால் இரண்டு. அரை டிகிரிக்கு அரை மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தாள்.

அப்பா ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர். நாற்பது வருடம் ஒரு சுவரையும் சாய விடாதவர். சனிக்கிழமை காலை காபியோடு வாசலுக்கு வந்தவர், காரை முன்பக்கத்திலிருந்து பார்த்தார். நான்கு சக்கரமும் சாய்ந்து நின்றன. கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சாம்பியன் எழுந்திருக்கவில்லை. நட்டு சாமான்களை ஏற்றிக்கொண்டு பட்டறை வேனில் போய்விட்டிருந்தாள். "கழுவிட்டு வரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தார்.

பந்தய மைதானத்தில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள், எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் தரை. அண்ணனும் அப்பாவும் வந்து சேர்ந்தபோதே முதல் ஓட்டத்துக்குக் கார்கள் நிற்க ஆரம்பித்திருந்தன. நட்டுவுக்கு டயர்க் காற்றைச் சரிபார்க்க மட்டும்தான் நேரம் இருந்தது. டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டால் டயர்தான் தெரியும், சாய்மானம் தெரியாது. தவிர, தன் கையால் வைத்ததைத் தானே எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் எட்டுச் சுற்றில் கிடைத்தது.

இரண்டு நிமிடம் மூன்று விநாடி. எட்டில் அதுதான் சிறந்த சுற்று. பக்கத்துக் கொட்டகைக்காரரான பல் டாக்டர், பதினைந்து வருடப் பழைய காரில் இரண்டு நிமிடம் ஒரு விநாடியில் முடித்துவிட்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

சாம்பியன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டான். "என்னத்தடி செட் பண்ண? ஸ்டீயரிங்க இந்தப் பக்கம் திருப்பினா, அது எனக்கென்னன்னு நேரா போகுது! மூணாவது வளைவுல புல்லு மேய்ஞ்சுட்டு வந்தேன்."

"கொஞ்சம் நகரு."

"நகர்றேன், நகர்றேன். பெரியப்பா பையனுக்கு ஃபோன் பண்ண எப்படியும் நகரத்தானே போறேன்?"

நட்டு ஊசி வைத்த வெப்பமானியை எடுத்து முன் டயரில் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் குத்தினாள். உள்ளே அறுபத்தெட்டு. நடுவில் எண்பது. வெளியே நூற்று நான்கு. வெளி ஓரத்து ரப்பர் துருவல் துருவலாக உரிந்து கிடந்தது. மூன்று டிகிரி உள்ளே சாய்த்த டயர் வெளி ஓரத்தில் இப்படிச் சூடாகாது. எழுந்து நான்கடி பின்னால் போய்க் காரை முன்பக்கமாகப் பார்த்தாள்.

சக்கரங்கள் நான்கும் பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நின்றன.

"யாரு இதைத் தொட்டது?"

அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, பேரனின் மார்க் ஷீட்டைக் காட்டுவது போலப் பிரித்தார்.

"வீல் அலைன்மென்ட் கடையில பண்ணிட்டு வந்தேன்மா. பாரு, எல்லாம் பச்சை. முதல்ல எல்லாம் சிவப்பா இருந்துச்சு. பச்சைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்."

"அப்பா!"

"அந்தக் கடைக்காரன் பார்த்துட்டு என்ன கேட்டான் தெரியுமா? 'எவன் சார் இப்படிப் பண்ணான், எங்கயாவது இடிச்சிட்டீங்களா'ன்னு கேட்டான். எனக்கே கூச்சமா போச்சு. பொண்ணு பண்ணதுன்னு நான் சொல்லல. பள்ளத்துல விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். உன் மானத்தக் காப்பாத்திட்டுத்தான் வந்தேன்."

நட்டுவுக்கு வாயில் வந்த வார்த்தைகளை அப்பாவிடம் சொல்ல முடியாது. கடைக்காரனிடம் சொல்லலாம், அவன் இங்கே இல்லை. ஸ்பேனரிடம் சொன்னாள். மூன்று நாள். எட்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிக் கேட்டு வாங்கிய ஒரே வாய்ப்பு. அதைக் கார் கழுவுகிற நேரத்தில் ஒருவர் பச்சை மையில் அழித்திருக்கிறார், கூடவே மானத்தையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"ஏன்பா, அண்ணன் ஓட்டறதுல தப்பு இருந்தா ட்ரைவிங் ஸ்கூல்ல விட்டுட்டு வருவீங்களா? நான் செஞ்சா மட்டும் ஏன் கடைக்குப் போகுது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பே."

இதற்கு மேல் நேர்மையாக ஒரு மனிதர் பதில் சொல்ல முடியாது.

சாம்பியன் இடையில் புகுந்தான். "அவர் மேல ஏன் எரிஞ்சு விழற? அப்பா சரி பண்ணதாலதான் இந்த அளவுக்காவது ஓடுச்சு. உன் கோணல் சக்கரத்தோட போயிருந்தா நான் இந்நேரம் சுவத்துல இருப்பேன். பேச்சு பேச்சுதான், இடம் போச்சு."

"நீ என்ன பேசின? நான் செட் பண்ண கார்லன்னுதானே பேசின? நான் செட் பண்ண கார் இன்னும் மைதானத்துலயே இறங்கல. நீ ஓட்டினது அலைன்மென்ட் கடைக்காரன் காரு. வேணும்னா அவனுக்குச் சீட்டு குடு."

சாம்பியன் யோசித்தான். நியாயம் அவனை அசைத்ததில்லை. ஆனால் பல் டாக்டர் வாழைப்பழத்தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, "தம்பி, வண்டிக்கு ஏதும் பிரச்சினையா?" என்று அக்கறையாகக் கேட்டார். அது அசைத்தது.

"ரெண்டு மணிக்கு அடுத்த ஓட்டம். அதுக்குள்ள முடிஞ்சா பாரு" என்றான்.

ஒன்றரை மணி நேரம் இருந்தது. நட்டு தரையில் மட்டப்பலகை வைத்துப் பார்த்து, சரிவு இருந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் மெல்லிய அட்டைகளைச் செருகினாள். முன் ஷாக்குகளின் தலையில் இருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி உள்ளே தள்ளினாள். சாய்மானம் மாறினால் சக்கரம் பார்க்கும் திசையும் மாறிவிடும், அதைக் காருக்கு இருபுறமும் நூல் கட்டித்தான் அளக்க வேண்டும். நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. சாம்பியன் தன் கையுறைகளைக் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தான்.

அப்பா வந்து பிடித்தார். நாற்பது வருடம் நூல் பிடித்த கை, ஒரு இழை நடுங்கவில்லை.

"அரை மில்லி உன் பக்கம் தளர்ந்திருக்கு" என்றார்.

"தெரியுது."

"இழுத்துப் பிடி. நூலை நேரா வச்சுக்கிட்டுச் சக்கரத்தைக் கோணலா வைக்கிறாளே, என் கண்ணால பார்க்க வேண்டியிருக்கு."

"பார்க்காதீங்க. பிடிங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். ஆனா இது தப்பு."

அவ்வளவு துல்லியமாக ஒருவர் தனக்கு உதவிக்கொண்டே தன்னை மறுத்துப் பேசியது நட்டுவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பின் சக்கரங்களின் கடைசி போல்ட்டை முறுக்கியபோது வரிசையில் ஆறு கார் நின்றுவிட்டது.

இரண்டாவது ஓட்டத்தில் முதல் இரண்டு சுற்று டயர் சூடேறவே போனது. மூன்றாவது, இரண்டு நிமிடம் ஒன்று. நான்காவதில் கார் மூன்றாம் வளைவுக்குள் நுழைந்ததைக் கம்பி வேலியோரம் நின்று பார்த்தாள். காரின் உடம்பு வெளியே சாய்ந்தது, சக்கரம் தரையில் உள்ளங்கை பதிந்தது போல உட்கார்ந்தது, புல்லுக்குப் போகாமல் கோட்டை ஒட்டியே வெளியே வந்தது. ஐந்தாவது சுற்றுக்கு நேரம் குறிப்பவர் தாளில் எழுதினார்: ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.

வெப்பமானி இந்த முறை உள்ளிருந்து வெளியே தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்துநான்கு என்று சீராகக் காட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. கொட்டகையில் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"மூணாவது வளைவுல ஒரு வழியக் கண்டுபிடிச்சேன் சார்" என்று சாம்பியன் பல் டாக்டரிடம் கையை வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். "எல்லாம் உள்ளுணர்வுதான். காரு எதுவா இருந்தாலும் ஓடும்."

"அலைன்மென்ட் பண்ணினா கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் செட்டாகும்" என்றார் அப்பா. "காலையில பண்ணது இப்பதான் வேலை செய்யுது."

நட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து காருக்கு அடியில் கொடுத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் சாம்பியன்.

"அப்பா, தாளைக் குடுங்க. இதுல இருக்கற மாதிரியே பச்சையா வச்சுடறேன். காருதான் எதுவா இருந்தாலும் ஓடுமாமே. ஓட்டறவருக்கு உள்ளுணர்வு இருக்கு, அலைன்மென்ட் வேற செட்டாயிடுச்சு. என் மூணு டிகிரி எதுக்கு நடுவுல, இடைஞ்சலா? அடுத்த மாசம் பந்தயத்துக்கும் இப்படியே நேரா போயிட்டு வா."

முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். உண்மையாகவே தளர்த்தினாள். 'கிர்ர்' என்று சத்தம் வந்தது.

"ஏய் ஏய் ஏய்! கைய எடு!" சாம்பியன் கையுறையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். "அதைத் தொடாத! இப்பதான்டி நல்லா திரும்புது!"

பல் டாக்டர் மரியாதையாகத் தன் கார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எது நல்லா திரும்புது?" என்றாள் நட்டு. ஸ்பேனர் போல்ட்டிலேயே இருந்தது.

"காரு."

"யாரு வச்சது?"

"நீ... நீதான். போதுமா?"

"போதாது. ஃபார்ம் எங்க?"

சாம்பியன் பையைத் துழாவிப் பந்தய விண்ணப்பத்தை எடுத்தான். முதல் ஓட்டுநர் இடத்தில் அவன் பெயர் ஏற்கனவே கொட்டை எழுத்தில் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது கோட்டில் அவள் பெயரை எழுதி நீட்டினான்.

"ஏன்மா, கூடப் பிறந்தவன்கிட்ட போய் இவ்வளவு கறாரா?" என்றார் அப்பா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா. உங்க மேல இன்னும் கோபம் முடியல."

நட்டு தளர்த்திய போல்ட்டை முதலில் முறுக்கினாள். சாய்மானத்தை ஒருமுறை அளந்து பார்த்தாள், அசையவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பென்சில்ல எழுதியிருக்க."

"அது வந்து, அப்புறமா ஏதாவது மாத்தணும்னா..."

"பேனாவுல எழுது."

எழுதினான். அவள் பக்கத்திலேயே நின்று, கடைசி எழுத்து வரை பார்த்தாள்.