மூழ்கும் விதை

மனைவியின் வலது கைக் கட்டைவிரலில் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அவள் கையை விடாமலே இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். தோட்டத்திலிருந்து நெட்டை பேசினான். மரமேறும் வேலையில் அவளுக்கு அடுத்து வந்தவன். உச்சிக் காய்களின் செதில் நெகிழத் தொடங்கிவிட்டது, இன்றைக்கே இறக்காவிட்டால் உதிர்ந்து எலிகளுக்குத்தான் போகும், அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றான்.

சொன்னார். இரண்டு நாளாகக் கண்ணே திறக்காதவள் திறந்தாள்.

"எத்தன காய்?"

"பதினொண்ணாம்."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு யாரும் பாதியில எறங்கி வரக் கூடாது. அந்த வெத காஞ்சா செத்துரும். வேலைய முடிச்சுட்டு வரட்டும்."

கோர்வையாக அவள் பேசியது அதுதான் கடைசி. காலை ஒன்பதரை மணிக்கு மகள் பாலைச் சூடாக்கி எடுத்து வந்தபோது, அப்பா கையில் நகவெட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் அம்மாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்தாள். இரண்டு விரல் பாக்கி இருந்தது. அதையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் அவர் எழுந்தார்.

இருபத்தெட்டு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவள் தாவரவியல் தோட்டத்தில் மரமேறி. தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் அணில். அதனால் இவர் அணில் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் அது சுருக்கென்று தைத்தது. பிறகு புது டெப்போவுக்கு மாற்றலாகிப் போனால் அவரே அப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

தோட்டத்தின் நடுவில் நின்ற அந்த மரம், உலகின் தென்கோடியிலிருந்து நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு கன்றாக வந்தது. பூ என்ற ஒன்று பூமியில் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்த ஊசியிலைக் குலம். இலை ஒவ்வொன்றும் ஓடுபோலக் கெட்டி, நுனியில் ஈட்டி. டைனோசர் என்ற பெரும்பல்லிகள் அண்ணாந்து மேய்ந்த காலத்தில் தற்காப்புக்கு வந்த கூர்மை அது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதுண்டு. அவளுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் முன்கையில் எழுதியிருந்தது, முழங்கைவரை கீறல்.

மனிதத் தலை அளவுக்குக் காய்க்கும். உடைத்தால் அத்தனை விதையும் பொக்கு, உள்ளே பருப்பிருக்காது. இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அதிகாரிகள் முடிவு கட்டிவிட்டார்கள். மலட்டு மரம் என்று பலகை மாட்டாததுதான் குறை. ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து, இது பெண் மரம், பக்கத்தில் ஆண் மரம் கிடையாது, காற்று எங்கிருந்து மகரந்தம் கொண்டுவரும் என்று கேட்டாள். யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

ஆண் மரத்தைக் கண்டுபிடித்தது இவர்தான், தெரியாமலே. அவருடைய வண்டி கடைசியாக நிற்கும் மலையூரில், பழைய ஆஸ்பத்திரி மதிலோர மரத்தடியில் பஸ்ஸை விட்டால் காலையில் கூரை முழுக்க மஞ்சள் மாவு கொட்டிக் கிடக்கிறது, கழுவி மாளவில்லை என்று சாப்பிடும்போது அலுத்துக்கொண்டார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மரத்தில் காய் உருண்டையா, விரல் மாதிரி நீளமா என்று கேட்டாள். "நான் ரோட்டப் பாப்பனா, மரத்தப் பாப்பனா?" என்றார்.

மறுநாளே அவர் வண்டியில், அவர் முதுகுக்குப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பும்போது மடியில் ஒரு காகிதப் பை. மகரந்தத் தூள் பறந்துவிடும் என்று பக்கத்து ஜன்னல்களைத் திறக்கவிடவில்லை. வியர்த்து வழிந்த பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் காது கேட்காதவர்போல ஓட்டினார். நாற்பது வளைவிலும் ஒரு தடவைகூட பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. அந்த வாரமே அவள் உச்சிக்கு ஏறி, எட்டிய காய்ப்பிஞ்சுகளிலெல்லாம் தூரிகையால் தடவிவிட்டு இறங்கினாள். முற்ற இரண்டு வருஷமாகும் என்றாள். நுரையீரல் நோய் அதற்குள் வந்துவிட்டது.

மதியம் மைத்துனர் வந்தார், அவளுடைய தம்பி. அழுது முடித்துக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் கூட வேல பாத்தவங்க ஒருத்தரக்கூட காணோமே அத்தான். ஒரு மால வாங்கி அனுப்பக்கூட ஆளில்லயா?"

"அவதான் வரக் கூடாதுன்னு சொன்னா."

"அக்கா ஆயிரம் சொல்லும். இவங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

மகள் மாமாவின் கையில் தண்ணீரைக் கொடுத்தாள்.

மூன்றரை மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஆறு பேர், மூன்றாம் மாடிவரை ஓடியே ஏறி வந்தார்கள். வேலை உடுப்பு, முடியெல்லாம் பட்டைத் தூள், கைகளில் பிசின். மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெட்டை யாரையும் பார்க்காமல் நேரே அவள் கால்மாட்டில் போய் நின்றான். மேலதிகாரியிடம் சொல்வதுபோல அவளிடம் சொன்னான்.

"அக்கா, பதினோரு காயும் எறக்கியாச்சு. ஒண்ணும் செதறல. வெதையப் பிரிச்சுத் தொட்டித் தண்ணியில போட்டோம்." பிசின் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நானூத்து முப்பத்தேழு முழுகிருச்சு."

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. பொக்கு மிதக்கும், உயிருள்ளது மூழ்கும் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மரத்திலிருந்து ஒன்றே ஒன்றுகூட மூழ்கியதில்லை என்றார். "நாலு படிச்சவங்க முன்னாடி எந்திரிச்சு இவ ஒருத்திதான் சொன்னா. இவ சொன்னதுதான் சரி."

மைத்துனர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சவப்பெட்டியை மூடி வெளியே எடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. படிக்கட்டுத் திருப்பம் ஒடுக்கம். நட்டுக்க நிமிர்த்திச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும், இந்த மாதிரிக் கட்டடங்களில் வழக்கம்தான் என்றார் சவ வண்டிக்காரர்.

"உள்ள ஆள் இருக்கு" என்றார் மைத்துனர். "நிமித்தாதீங்க."

நெட்டை பால்கனிக் கம்பியைக் குலுக்கிப் பார்த்தான், மொட்டைமாடித் தூணை அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, நாங்க கயிறு கட்டி வெளிப்பக்கமா எறக்குறோம்" என்றான். அவர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கயிறு குடுப்பா" என்றார்.

அவர் கீழே போய்த் தெருவில் நின்றார். போவோர் வருவோர் தாமாக நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் மொட்டைமாடியில், மற்றவர்கள் பால்கனியில். பெட்டி ஒரு பக்கமும் சாயாமல், சுவரில் உரசாமல் இறங்கத் தொடங்கியது. வாழ்நாளெல்லாம் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது மற்றவர்கள் தனக்குக் கொடுத்த குரலை அவர் இப்போது அண்ணாந்து கொடுத்தார்.

"வரலாம்... வரலாம்... அப்படியே..."

முதல் மாடிப் பெண் கொடியில் கிடந்த ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உருவி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வழிவிட்டு நின்றாள்.